அத்தையின் குதிகால் வலியும் பாலோடு கொடுத்த மாத்திரையும்

கேள்வி: வணக்கம் சிஸ்டர். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 71 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. போன வாரம் குளிர்ஜுரம், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். சிறுநீரகம் வரை கிருமித் தொற்று ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் 500 காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று 7 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ஆன்டிபயாடிக் சூடு என்பார்களே, அதனால் பாலில்தான் கொடுத்தேன். வயிறு எரிகிறது என்றதால் கூடவே ஜெலுசில். வழக்கமான கால்சியம் மாத்திரையும் இரவு அதே நேரத்தில். மூன்று நாளாகியும் ஜுரம் முழுதாக விடவில்லை. நேற்று மதியம் அத்தைக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். இன்று காலையிலிருந்து குதிகாலுக்கு மேலே வலி என்கிறார், தைலம் தேய்த்து உருவிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையையே நிறுத்தச் சொல்கிறார். என் கணவரோ, மிச்சமானதை எடுத்து வை, சளி பிடித்தால் ஆகும் என்கிறார். மாத்திரை கொடுத்ததில் நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

பதில்:

பெரம்பூர் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று மாலையே போனில் கூப்பிட்டுப் பேசினேன். குதிகால் வலி என்ற ஒரு வரியைப் படித்ததும், பதில் எழுதி வெளிவரும் வரை காத்திருக்க மனம் வரவில்லை. இன்றிரவு மாத்திரையைக் கொடுக்காதீர்கள், இப்போதே டாக்டரைக் கூப்பிட்டு வலியைச் சொல்லுங்கள், அத்தையை அதிகம் நடக்க விடாதீர்கள், காலை இனி உருவிவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் அன்றே சிப்ரோவை நிறுத்தி, வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றிவிட்டார் என்றும், வலி குறைந்து வருகிறது என்றும் நீங்கள் சொன்னது பெரிய நிம்மதி. அன்று ஏன் என்று விளக்க நேரமில்லை. இதே மாத்திரையை இதே மாதிரிப் பாலோடு விழுங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய இருக்கும் என்பதால் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

முதலில் குதிகால். கெண்டைக்காலின் தசையையும் குதிகால் எலும்பையும் இணைத்துக் கயிறு போல ஒரு தசைநாண் இருக்கிறது. பின்னங்காலில் கை வைத்துப் பார்த்தால் தடிப்பாகத் தட்டுப்படும். நம் வீடுகளில் அதை 'குதிகால் நரம்பு' என்போம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் என்று 'ஃப்ளாக்சசின்' வகையறாவில் வரும் மருந்துகள் சிலருக்கு இந்த நாணைப் புண்ணாக்கும். அரிதாக நாண் அறுந்தே போகும். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் இந்த வகை மருந்துகளின் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே இதைச் சேர்க்கச் சொன்னது. முதல் ஓரிரு நாளிலும் வலி வரலாம், மருந்தை முடித்துச் சில மாதம் கழித்தும் வரலாம். தோள்பட்டையிலும் வரும்.

இந்த வலி வந்தால் தைலம் போட்டு அழுத்தி உருவக் கூடாது. புண்ணாகி நைந்திருக்கும் கயிறை இழுப்பது மாதிரிதான் அது. ஆசையாகத்தான் செய்தீர்கள், தெரியாமல் செய்தீர்கள். அத்தைக்கு நாண் அறுந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. 'பட்' என்று சத்தம் கேட்பது, திடீரென்று பாதத்தை ஊன்ற முடியாமல் போவது, பின்னங்காலில் வீக்கமும் நீலமும் காண்பது ஆகியவை அந்த அடையாளங்கள். அப்படி ஆனால் எலும்பு டாக்டரிடம் அன்றே போக வேண்டும். இப்போதைக்கு ஓய்வு போதும். மாடிப்படி வேண்டாம். இரவில் பாத்ரூமுக்கு எழுந்தால் நீங்கள் கூடப் போங்கள். வலியோடு ஈரத் தரையில் கால் வைத்தால் விழுந்துவிடுவார். 71 வயதில் இடுப்பெலும்பு உடைவது ஜுரத்தைவிடப் பெரிய துன்பம்.

இனி பால். நீங்கள் மிகவும் கலங்கிப்போய்க் கேட்டது இதைத்தான்.

மாத்திரை சூடு, அதனால் பாலோடு கொடு என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வெறுமனே சொன்ன சொல் இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வாய்ப்புண் வருகிறது, வயிறு எரிகிறது. அவர்கள் கண்ணால் கண்டதை வைத்துச் சொன்னார்கள். பல மருந்துகளுக்குப் பால் கெடுதல் செய்வதும் இல்லை. சிப்ரோ விஷயத்தில்தான் அது தவறிப்போகிறது. இந்த மருந்து கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, துத்தநாகம் இவற்றைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது, மலத்தோடு வெளியேறிவிடும். வெறும் பாலோடோ வெறும் தயிரோடோ கொடுத்தால், ரத்தத்தில் சேர வேண்டிய மருந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகும். ஜெலுசில் அதைவிட மோசம். அதில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. அந்த மாதிரி மருந்தோடு சேர்ந்தால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல்கூட வீணாகிவிடலாம். அத்தை விழுங்கியது 500 மில்லிகிராம், உடம்புக்குள் போனது அதில் சொற்பம். சிறுநீரகத் தொற்றில் ஜுரம் முழுதாக விட இரண்டு மூன்று நாள் ஆவது உண்டுதான். ஆனாலும் இங்கே மருந்து போய்ச் சேராததும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. அரைகுறை அளவில் மருந்து படும்போது கிருமி சாகாது, அந்த மருந்தைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடும்.

இன்னொரு தடவை உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை எழுதினால், நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை காபி 6 மணிக்கு. 8 மணிக்கு இட்லி சாப்பிட்டதும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு மாத்திரை. கால்சியம் மாத்திரையை மதியம் 1 மணிச் சாப்பாட்டோடு கொடுங்கள். இரவு 8 மணிக்கு மறுபடி சிப்ரோ. பால் வேண்டுமென்றால் படுக்கப் போகும் முன், 10 மணிக்கு மேல். கணக்கு இதுதான்: பால், தயிர், கால்சியம் சேர்த்த சத்து பானம் இவற்றிலிருந்து சிப்ரோ 2 மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து, ஜிங்க் மாத்திரைகளும் ஜெலுசில் வகையும் என்றால் சிப்ரோ அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போக வேண்டும். சாம்பார் சாதம், பொரியலோடு கடைசியில் ஒரு கை தயிர்சாதம் சாப்பிட்டால் பயப்பட வேண்டியதில்லை. முழுச் சாப்பாட்டில் அது ஒரு பகுதி. வெறும் மோரை மட்டும் குடித்து அதோடு மாத்திரையை விழுங்குவதுதான் கூடாது.

வயிற்றெரிச்சலுக்கு என்ன செய்வது என்பீர்கள். சாப்பிட்ட பிறகு கொடுத்தாலே பாதி அடங்கிவிடும். அதற்கும் மேல் எரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பான்டோபிரசோல் போன்ற மாத்திரை இப்படி ஒட்டிக்கொள்வதில்லை. சுக்ரால்ஃபேட் சிரப் வேண்டாம், அதிலும் அலுமினியம் உண்டு.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. காபியில் இருக்கும் கஃபீன் உடம்பை விட்டு வெளியேறும் வேகத்தை சிப்ரோ குறைத்துவிடும். வழக்கமான இரண்டு டம்ளர் ஃபில்டர் காபியே நான்கு டம்ளர் குடித்த மாதிரி படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம். மாத்திரை முடியும் வரை காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அத்தை கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கஃபீனை இப்படித் தேக்கி வைக்கும் அதே குணம்தான் இன்னொரு மருந்தோடு சேரும்போது உயிருக்கே உலை வைக்கிறது. 1990களில், நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்த நேரம், ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். மூச்சிழுப்புக்காக (ஆஸ்துமா) வருடக்கணக்கில் டெரிஃபிலின் சாப்பிட்டு வந்தவர். சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோ ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் ஓயாத வாந்தி, நெஞ்சு படபடப்பு, கை உதறல். தொற்றுதான் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம், நானும்தான். ராத்திரி டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் கேஸ் ஷீட்டில் இரண்டு மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு, டியூட்டி டாக்டரை எழுப்பினார். டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலின் ரத்தத்தில் ஏறிப்போயிருந்தது. இன்னும் ஏறியிருந்தால் வலிப்பு வந்திருக்கும். பெரியவர் பிழைத்தார். அன்றிலிருந்து ஒரு ஆன்டிபயாடிக்கைக் கையில் எடுத்தால், நோயாளி வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்காமல் நான் கொடுத்ததே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இழுப்பு மாத்திரை, தசைப்பிடிப்புக்கான டைசானிடின், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், வலிப்பு மருந்து, இதயத்துடிப்பைச் சீராக்கும் மருந்து இவற்றில் எது இருந்தாலும், சிப்ரோ எழுதும் டாக்டரிடம் சீட்டை நீட்டிக் காட்டுங்கள். டைசானிடினும் சிப்ரோவும் சேரவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.

அத்தைக்கு வியர்த்து, கை நடுங்கியதற்கு வருகிறேன். அது தாழ்சர்க்கரை என்றே தோன்றுகிறது. நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது மிகச் சரி. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிப்பிசைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு சிப்ரோ சேரும்போது ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ஜுரத்தில் சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும், மாத்திரை மட்டும் முழு அளவு போகும். அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது என்று போனில் சொன்னீர்கள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டம் நடமாட முடியாத எத்தனையோ பெரியவர்களுக்குக் கை கொடுக்கிறது. ஆனால் அந்த மாத்திரை ஒரு பக்கம் வருகிறது, ஆன்டிபயாடிக் இன்னொரு பக்கம் எழுதப்படுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் கண் உங்களுடையது மட்டும்தான். அதனால் டாக்டரிடம் போகும்போதெல்லாம் வீட்டில் இருக்கும் எல்லா ஸ்டிரிப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாத்திரைப் பெயர் மறந்தாலும் பை பேசும்.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவது, இவற்றில் எதைக் கண்டாலும் விரல் நுனியில் குத்தி சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். மெஷின் இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அன்றைய சம்பவத்தை டாக்டரிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். ஜுரத்தில் சாப்பாடு இறங்காத நாட்களில் சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்கா நிறுத்தச் சொன்னதும், இப்போது நான் நிறுத்தச் சொன்னதும் ஒன்றுபோல் தெரியலாம். நான் சொன்னது, அபாய அறிகுறி தெரிந்ததால் டாக்டரிடம் பேசும் வரை அடுத்த வேளையை நிறுத்தி வைப்பது. மருந்தே இல்லாமல் அத்தையை விட்டிருந்தால் சிறுநீரகத் தொற்று ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். சர்க்கரை உள்ள 71 வயதுக்காரருக்கு அது உயிராபத்து. இப்போது மாற்றிக் கொடுத்திருக்கும் மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை, ஜுரம் விட்டாலும் கொடுங்கள். அவர் சொன்னதற்கு மேல் நீங்களாக நாலு நாள் நீட்டவும் வேண்டாம். கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதை லேபில் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்ட மறக்காதீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில்தான் தெரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். பல ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

உங்கள் கணவரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லுங்கள். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. சிப்ரோ வைரஸைத் தொடாது. சளிக்கு விழுங்கினால் அவர் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகும், கெட்ட கிருமிகள் மருந்துக்குப் பழகும். அட்டையின் ஓரத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது, பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்கவோ விற்கவோ கூடாது என்று அதற்கு அர்த்தம். மத்திய அரசு 2016-ல் அந்தக் கோட்டைப் பற்றிப் பிரசாரமே செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிக் கவலைப்பட்டு, இந்திய மருத்துவ அமைப்புகள் 2012-ல் கூடி ஒரு செயல்திட்டம் வகுத்ததும் நம் ஊரில்தான். 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டைபாய்டுக்கு சிப்ரோ கொடுத்தால் ஜுரம் இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று நம் நாட்டில் டைபாய்டுக்கு அதை நம்பி ஆரம்பிக்க முடிவதில்லை. அவ்வளவு தூரம் அதை வீணடித்துவிட்டோம். மனசு வலிக்கிறது. மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்து வைக்காதீர்கள். மருந்துக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் குழந்தைகள் கைக்கு எட்டாமல், காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் கொட்ட வேண்டாம்.

இனி அத்தையை அன்றாடம் கவனிப்பது. ஒரு பழைய நோட்டை எடுத்து, மாத்திரை கொடுத்த நேரம், ஜுரம், சர்க்கரை, குடித்த தண்ணீர், சிறுநீர் எத்தனை தடவை, மலம் எப்படி என்று வேளாவேளைக்கு எழுதுங்கள். மருத்துவமனையில் நாங்கள் செய்வது இதுதான், வேறு வித்தை எதுவும் இல்லை. இதயம், சிறுநீரகத்துக்காக டாக்டர் அளவு கட்டியிருந்தால் ஒழிய, நாளுக்கு எட்டு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு மேலும் வேண்டும். இரவில் எழ வேண்டுமே என்று பெரியவர்கள் மாலையிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். காலையிலும் மதியத்திலுமே பெரும்பகுதியைக் குடிக்க வைத்துவிடுங்கள். சிறுநீரை அடக்கி வைக்க விடாதீர்கள். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். அத்தை கூச்சப்படுவார். நீங்கள்தான் மெதுவாகச் சொல்லிப் புரிய வைக்க வேண்டும். நைட்டி, உள்ளாடை ஈரமாக இருந்தால் உடனே மாற்றுங்கள்.

ஆன்டிபயாடிக் எதுவானாலும் இரண்டொரு தடவை இளக்கமாகப் போவது சகஜம். தண்ணீராக நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் போனாலோ, ரத்தமோ சளியோ தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்தபடி டாக்டரிடம் போங்கள். குடலில் ஒரு கெட்ட கிருமி பெருகி வரும் வயிற்றுப்போக்கு, மருந்து முடிந்து இரண்டு மாதம் கழித்துக்கூட வரலாம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108. நேற்று வரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று குழம்பினாலோ, இல்லாததை இருப்பதாகச் சொன்னாலோ, வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தொற்றும் அதைச் செய்யும், தாழ்சர்க்கரையும் செய்யும், சிப்ரோவும் செய்யும். சிப்ரோ சாப்பிடும் நாட்களில் வெயில் பட்டால் தோல் சட்டென்று கருகிச் சிவக்கும். வற்றல் காயப்போட மொட்டைமாடிக்குப் போகிறேன் என்பார், அனுப்பாதீர்கள்.

தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். சீட்டில் 1-0-1 என்று மூன்று எண்கள் மட்டும்தான் இருந்தன. பாலோடு கூடாது, ஜெலுசிலோடு கூடாது, சர்க்கரை இறங்கலாம், குதிகால் வலித்தால் நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் மருத்துவத் துறையில் இருக்கும் நாங்கள். டாக்டரோ, நர்ஸோ, கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்த பார்மசிஸ்டோ, யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் செலவழித்திருக்க வேண்டும். அத்தைக்கு வியர்த்ததையும், எந்த நேரம் எதோடு மாத்திரை கொடுத்தீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதினீர்களே, அதனால்தான் குதிகால் வலி இன்னதென்று கண்டுபிடிக்க முடிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. அத்தையின் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில் பெரிதாக எழுதி வையுங்கள்: 'சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டபோது குதிகால் தசைநாண் வலி, தாழ்சர்க்கரை வந்தது. ஃப்ளாக்சசின் வகை மருந்து வேண்டாம்.' தேதியும் போடுங்கள். நாளைக்கு ராத்திரி வேளையில் வேறு மருத்துவமனைக்கு, உங்கள் கணவரோ கொழுந்தனாரோ அத்தையை அழைத்துப் போனாலும், அங்கே இருக்கும் டியூட்டி டாக்டர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.